ம் கொட்டுகிறவர்

ஹேமலதா பேசிக்கொண்டிருந்தாள், அர்த்தநாரி ம் கொட்டிக்கொண்டிருந்தார். முசிறிப் பக்கம் ஓடும் தன் பஸ்ஸுக்குப் புதுக் கூண்டு கட்ட வேண்டும் என்று காலையிலேயே கரூர் வந்துவிட்டிருந்தாள் அந்தப் பெண். அப்பா இறந்தபின் வண்டிகளை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். கூண்டு இல்லாத வெறும் சேசிஸ், சக்கரமும் என்ஜினுமாக, அர்த்தநாரியின் பட்டறை வாசலில் மொட்டையாக நின்றது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆட்கள் ரிவெட் அடிக்கிறார்கள், ஒவ்வோர் அடிக்கும் அலுமினியத் தகடு அதிர்ந்து அடங்குகிறது. இந்தப் பக்கம் அவள் சீட்டுகளைப் பற்றி, ஜன்னல் கம்பிகளைப் பற்றி, பின்படிக்கட்டின் உயரத்தைப் பற்றிச் சொல்கிறாள். சரியான இடங்களில் அவர் ம் என்கிறார். ஆனால் மனம் வீட்டுச் சமையலறை வாசலிலேயே நிற்கிறது. அங்கே இன்று காலையில் ஓடிய மிக்சி இன்னும் ஓடுகிறது. அதன் மூடியை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு, கழுத்தை மட்டும் திருப்பி, மனைவி சம்பூரணம் ஏதோ கேட்கிறாள். ஏனுங்க என்று ஆரம்பித்தது தெரியும். கேள்வியாக இழுத்து முடிந்ததும் தெரியும். நடுவில் இருந்ததை எல்லாம் தேங்காயோடு சேர்த்து மிக்சி அரைத்துவிட்டது. அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி ம் என்றார். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். மிக்சியை நிறுத்திவிட்டும் நின்றாள். என்ன பார்வை அது, கோபம் என்றால் கோபம் இல்லை, பஸ் வருகிறதா என்று ரோட்டின் வளைவையே பார்ப்பவர்கள் பார்ப்பார்களே, அது. பிறகு சட்னியை வழித்துக் கிண்ணத்தில் போட்டாள், அவ்வளவுதான். அவர் சட்டை எடுக்க உள்ளே போனபோது பரணில் கிடக்கும் நீலப் பை கட்டில்மேல் இருந்தது. ஜிப் திறந்திருந்தது. உள்ளே புடவைகள். கல்யாணத்துக்குப் போகிற புடவைகள் இல்லை, வீட்டில் உடுத்துகிறவை. போய்ச் சேருகிற இடத்தில் நாள்கணக்காய் இருக்கப் போகிறவள் எடுத்து வைக்கிற புடவைகள்.

என்ன கேட்டே என்று திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்டால், சொன்னது காதில் விழவில்லை என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும். வேறு யாரும் ஒப்புக்கொள்ளலாம், அர்த்தநாரி முடியாது. இந்த ஊரில் அவருக்கு இருக்கிற பேரே அதுதான். அவரைவிட அழகாகக் கூண்டு கட்டுகிறவர்கள் இதே ரோட்டில் இருக்கிறார்கள், அது அவருக்கே தெரியும். ஆனால் வண்டிக்காரர்கள் இங்கே வருகிறார்கள், ஏனென்றால் இங்கே உட்கார்ந்து பேசலாம். அர்த்தநாரி ம் கொட்டினா வயித்துல இருக்கறது பூரா வெளிய வந்துரும்ப்பா என்று ஒரு பஸ் முதலாளி டீக்கடையில் சொல்லிச் சிரித்தது அவர் காதுக்கும் வந்தது, அதை அவர் கொஞ்சம் ரசிக்கவும் செய்தார். நிஜம்தான். மேலே ஏறுகிற ம் ஒன்று இருக்கிறது, அதற்கு அப்புறம் என்ன ஆச்சு என்று அர்த்தம். கீழே இறங்குகிற ம், அது உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது. நீளமாக இழுத்தால் நம்ப முடியவில்லை. வெட்டினாற்போல் சொன்னால் போதும், விஷயத்துக்கு வாங்க. ஒரு வார்த்தைகூட இல்லை அது, எழுத்துத்தான், அதிலும் அரை எழுத்து. அதை வைத்துக்கொண்டு எத்தனை கூண்டு கட்டியாகிவிட்டது. சீட்டு அகலமாக வேண்டும் என்பவர் போட்டி வண்டிக்குப் பயப்படுகிறவர். லைட்டு நிறைய வேண்டும் என்பவர் மகனுக்காகக் கட்டுகிறார், மகன்தான் லைட்டு கேட்டிருப்பான். எல்லாம் மலிவாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் பேர் எழுதுகிற பெயிண்டரைப் பற்றி மட்டும் ரெண்டு தடவை விசாரிப்பவருக்கு, செத்துப்போன யாரோ ஒருவரின் பேரை எழுத வேண்டியிருக்கிறது. சொல்வதைக் கேட்டுக்கொண்டே சொல்லாததையும் கேட்டால் வியாபாரம் தானாக நடக்கும், இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, சொல்லிக் கொடுத்து வருகிற விஷயமும் இல்லை. அப்படிப்பட்ட காதுக்கு வீட்டுக்குள் ஒரு வாக்கியம் விழவில்லை. சாயங்காலம் தக்காளி வாங்கிட்டு வர்றீங்களா, அப்படி இருக்குமோ. தக்காளிக்கு எதற்குப் பை இறக்குவாள். கயல்விழி போன் பண்ணினாளா, இருக்கலாம், மகள் ஓசூரிலிருந்து போன் பண்ணினால் அது இவள் வாயால்தான் அவருக்கு வந்து சேரும், இப்போது கொஞ்ச நாளாக அதுவும் மாறிவிட்டது, கயல் அவருக்கே நேராகப் பேசுகிறாள், அம்மா போன எடுக்கவே மாட்டேங்கறாப்பா என்கிறாள். அவர் பண்ணினாலும் எடுப்பதில்லை. இதோ, ஹேமலதா வருவதற்கு முன்னால்கூடப் பண்ணிப் பார்த்தார், அடித்து அடித்து நின்றது. கோபம் இருந்தால் சொல்ல வேண்டியதுதானே, போனை எடுக்காமல் இருப்பது என்ன பழக்கம். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவள் கோபத்தை மறைக்கிற ரகம் இல்லை. ஜன்னல் பக்கம் நின்று அடுத்த தெரு கேட்கிற மாதிரி சண்டை போடுகிறவள் இப்போது முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள், அதுதான் பயமாக இருக்கிறது.

ஜன்னலுக்கு ஷட்டரா கண்ணாடியா என்று ஹேமலதா கேட்டிருக்க வேண்டும், பதிலுக்குக் காத்திருக்கிறாள். ரெண்டும் பாக்கலாம் அம்மணி, நீங்க சொல்லுங்க என்று சொல்லிவிட்டு மறுபடி ம் என்றார். நல்ல பெண், படித்த பெண், ஆனால் எதையோ சுற்றிக்கொண்டே இருக்கிறாள். வந்த விஷயம் சீட்டும் ஜன்னலும் இல்லை, அது அவருக்கு வந்தவுடனே தெரிந்துவிட்டது. தெரிகிறது பார், முன்பின் பார்க்காத பெண் மனசில் இருப்பது தெரிகிறது. சம்பூரணம் முகத்தையே பார்க்கிறாள் என்றால் என்ன அர்த்தம் என்று தெரியவில்லை. சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்துகொள்கிறாள், முன்பெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறுவாள், இப்போது எதிரேதான், கண்ணை எடுக்காமல் பார்க்கிறாள். வயசான காலத்தில் ஆசையாக்கும் என்று முதலில் ஒரு கூச்சம்கூட வந்தது அவருக்கு. மீசையக் கொஞ்சம் வெட்டுங்களேன், வாயே தெரிய மாட்டேங்குது என்றபோது அந்தக் கூச்சம் அதிகமாயிற்று. நான் என்ன மாப்பிள்ளையா என்று சிரித்துவிட்டு வெட்டாமல் விட்டார். அப்புறம் அந்தப் புகார் தொடங்கியது. செவுத்துகிட்ட பேசற மாதிரி இருக்குது. உங்கப்பா என்கூடப் பேசி ஒரு வருசமாகுது கண்ணு. ஊருக்கு வந்திருந்த கயலிடம் அவள் இதைச் சொன்னபோது அவர் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார், உண்மையிலேயே அடிபட்ட மாதிரி இருந்தது. பேசவில்லையா. அவள் எதைச் சொன்னாலும், காய்காரன் சொன்னது, எதிர்வீட்டு மருமகள் சொன்னது, அவளுடைய அக்கா தாராபுரத்திலிருந்து சொல்லி அனுப்பியது, எதையாவது அவர் பதில் இல்லாமல் விட்டதுண்டா. ஒவ்வொன்றுக்கும் ம் சொல்லியிருக்கிறார். மனசாட்சியைத் தொட்டுச் சொல்ல முடியும். சோறு அடிபிடித்த நாளில், குக்கர் கத்தறது கேக்கலயா, கவனம் எங்க இருக்குது என்று சத்தம் போட்டார், சரி, அது கொஞ்சம் அதிகம். கல்யாண வீடுகளில் எல்லோரும் சிரித்து முடித்தபிறகு சிரிக்கிறாள், கவனம் இல்லை, வேறெங்கோ இருக்கிறாள், எங்கே இருக்கிறாள். இப்போது எங்கே இருக்கிறாள். பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருப்பாளோ. அவர் கட்டிய கூண்டு ஒன்றிலேயே ஏறி உட்கார்ந்து போய்விடலாம் அவள், இந்த ஊரிலிருந்து கிளம்புகிற வண்டிகளில் பாதி அவர் கட்டியவை. எழுந்துவிடலாமா. முதலாளி பேசிக்கொண்டிருக்கும்போது அவர் ஒருநாளும் எழுந்ததில்லை.

உள்ள சத்தம் கம்மியா இருக்கணும் அங்கிள், என்றாள் ஹேமலதா. அவர் ம் என்றார், என்றவுடனே உள்ளுக்குள் ஏதோ திரும்பியது. சத்தம். இதுதான். இதற்குத்தான் வந்திருக்கிறாள். பாசஞ்சருக்காக யாரும் இதைக் கேட்பதில்லை, பாசஞ்சருக்குப் பாட்டுத்தான் கேட்பார்கள், ஸ்பீக்கர் எத்தனை என்பார்கள். "யாருக்கு அம்மணி?" என்று கேட்டார். அந்தப் பெண் சட்டென்று நிறுத்தினாள். வாசலில் நிற்கிற சேசிஸைப் பார்த்தாள், டிரைவர் சீட்டு வரவேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் திறந்து கிடக்கிற என்ஜினைப் பார்த்தாள். அப்புறம் சொல்ல ஆரம்பித்தாள். அவளுடைய அப்பா ரெங்கமன்னார் முதலாளி ஆனபிறகும் தானேதான் வண்டி ஓட்டுவார், அது அர்த்தநாரிக்கும் தெரியும். வாழ்நாள் பூராவும் இடதுபக்கம் என்ஜின் ஓடியது. அவர் போனபிறகு பழைய வண்டியை விற்பதற்காகச் சுத்தம் பண்ணும்போது ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பல்பைப் பார்த்திருக்கிறாள். வயர் பின்படிக்கட்டு வரைக்கும் போயிருந்தது, கண்டக்டர் நிற்கிற இடத்தில் ஒரு சுவிட்ச். கண்டக்டரைக் கூப்பிட்டு விசாரித்தால் அந்த ஆள் அழுகிறார். விசில் ஊதினால் அப்பாவுக்குக் கேட்கவில்லை. யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு ரெண்டு பேருமாக உட்கார்ந்து அந்த பல்பை மாட்டியிருக்கிறார்கள். விசிலை ஊரார் கேட்பதற்காக ஊதுவது, பல்பை அவருக்காக எரியவிடுவது. "வீட்ல எங்க யாருக்கும் தெரியாது அங்கிள். நாங்க பேசினா வாயையே பாத்துக்கிட்டிருப்பாரு. கண்ண எடுக்க மாட்டாரு. பாசம்னு நெனச்சோம்." அவள் அழவில்லை. என்ஜின் மூடியின்மேல் கனமாக எதையாவது போட்டு அடைக்க முடியுமா, எவ்வளவு ஆனாலும் சரி, தன் டிரைவர்களுக்கு அந்த நிலைமை வரக்கூடாது என்றாள். அர்த்தநாரி ம் என்று சொல்ல வாயெடுத்தார். வாயெடுக்க அதில் ஒன்றும் இல்லை. ம் சொல்ல வாயைத் திறக்கவே வேண்டாம்.

வாயைத் திறக்கவே வேண்டாம். வெளியே ரிவெட் அடித்துக்கொண்டிருந்தார்கள், அந்தச் சத்தம் எங்கோ போய்விட்டது. பார்வை. எதிரே உட்கார்ந்து கண்ணெடுக்காத பார்வை. மீசையை வெட்டச் சொன்னது. மிக்சி ஓடும்போது பேசினாளே, முன்பெல்லாம் மிக்சியை நிறுத்திவிட்டுத்தானே பேசுவாள். மிக்சி ஓடுவது கையில் நடுக்கமாக மட்டும் தெரிந்திருக்கும் அவளுக்கு. குக்கர். போன். சிரிப்பு எப்போது வரவேண்டும் என்று மற்றவர்கள் முகத்தைப் பார்த்து அறிந்துகொண்டு சிரித்திருக்கிறாள். ராத்திரி படுக்கையில் அவர் பட்டறைக் கவலைகளைச் சொல்லும்போது பதில் இல்லாமல் கிடந்தாள், தூங்கிவிட்டாள் என்று நினைத்தார், ஒரு நாள் குளியலறை லைட்டை அணைக்காமல் கதவைச் சாத்தாமல் வந்து படுத்தாள், அவர் எழுந்து போய் அணைத்தார், மறுநாளும் எரியவிட்டாள், மறுநாளும் அணைத்தார், கரண்டு சும்மா வருகிறதா என்றார். அவர் அணைத்தது லைட்டை இல்லை. அவள் காதை. யோசிக்க யோசிக்க அச்சம் போய் வேறொன்று வந்தது, அதற்கு என்ன பேர் என்று அவருக்குத் தெரியவில்லை, பெரிய கோயிலுக்குள் முதல்முறை நுழைந்த பிள்ளைக்கு மேலே பார்க்கும்போது வருமே, கால் தரையில் இருக்கிறதா என்று ஒரு சந்தேகம், அது. கேட்கிறவர் என்று இத்தனை காலம் பேர் வாங்கியவர் அவர். கேட்டுக்கொண்டிருந்தவள் அவள். ஒலியே இல்லாமல், மீசைக்கு அடியில் பாதி மறைந்த உதட்டிலிருந்து, கழுத்து அசைவிலிருந்து, புருவத்திலிருந்து, ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி எடுத்து, உப்பு ஜாஸ்தி என்றதை, சாயங்காலம் வர நேரமாகும் என்றதை, சத்தம் போட்டதைக்கூட, ஒன்று விடாமல் எடுத்துக்கொண்டாள். ரெங்கமன்னாருக்குப் பல்பு மாட்டிக்கொடுக்க ஒரு கண்டக்டர் இருந்தார். அவளுக்கு ஒருவரும் இல்லை. ஒரு வாக்கியத்தைக் கேட்பதற்கு ஒரு மனுஷி எவ்வளவு உழைக்க முடியும் என்று அவருக்கு இதற்குமுன் தோன்றியதே இல்லை. அத்தனை உழைப்பிலும் அவளுக்கு எட்டாத ஒன்று இருந்தது, அதைத்தான் அவர் ஒவ்வொரு முறையும் கொடுத்தார். மேலே ஏறுகிற ம், கீழே இறங்குகிற ம், நீளமானது, வெட்டினது. எல்லாம் மூடின வாய். அவள் பேசியிருக்கிறாள், எதிரே ஒரு ஆள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறான். ஒரு வருஷமாகப் பேசவில்லை என்று கயலிடம் சொன்னாளே, குறைத்துத்தான் சொல்லியிருக்கிறாள்.

அங்கிள், உடம்புக்கு ஏதாவது செய்யுதா என்று ஹேமலதா எழுந்து நின்றாள். அவர் இல்லை என்றார். என்ஜின் மூடிக்கு ரெண்டு அடுக்கு, நடுவில் கனமான ரப்பர், அதை நானே நின்று போடுகிறேன், டிரைவர் சீட்டை இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளுவோம் என்று சொன்னார், சொல்லும்போது தன் உதடு ஒவ்வொரு சொல்லுக்கும் எப்படி மாறுகிறது என்று உள்ளே இருந்து உணர்ந்தார், புதிதாகப் பல் கட்டியவர் மாதிரி. நீங்க இன்னும் சொல்லி முடிக்கல, நான் அவசரமா வீட்டுக்குப் போகணும், பாதியில எந்திரிக்கறேன், தப்பா நெனைக்காதீங்க என்றார். அந்தப் பெண் அவர் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். போங்க அங்கிள், நான் எங்கயும் போகல, டீ சொல்லிக் குடிச்சுக்கறேன் என்றாள். ஸ்கூட்டரை எடுத்தார். ரோடு பூராவும் ஹாரன். கூண்டு கட்டும் பட்டறைகளின் இரைச்சல், லாரி, மார்க்கெட்டில் வெங்காயம் விற்கிற மைக்செட். இத்தனையும் ஒருத்திக்கு இல்லாமல் போனால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தார், நினைக்க முடியவில்லை. சத்தத்தைக் கழித்துவிட்டு ஊரை நினைக்க வரவில்லை அவருக்கு. ஒரே ஒரு கணம், சிக்னலில் எல்லா வண்டியும் நின்றபோது, எதிரே பைக்கில் உட்கார்ந்திருந்த பெண் முன்னால் இருந்தவனிடம் ஏதோ சொல்வது உதட்டில் தெரிந்தது. என்ன சொல்கிறாள் என்று முயன்று பார்த்தார். ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. போயிருப்பாள், போயிருக்க மாட்டாள். போயிருந்தால் எங்கே போய், எப்படி, யாரிடம் வழி கேட்டு, யார் சொல்வதைப் பார்த்து.

கதவு திறந்திருந்தது. சம்பூரணம் என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போனார், பழக்கம். பின்பக்கம் துணி உதறுகிற சத்தம் வந்தது, அந்தச் சத்தம் வந்த பக்கமே நடந்தார். அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். சம்பூரணம் என்றார். திரும்பவில்லை. இன்னொரு தரம் கூப்பிட வாய் வந்தது, நிறுத்திக்கொண்டார். பத்தடி தூரத்தில் நின்று தன் குரல் போய்ச் சேராத இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஒரு துண்டை உதறினாள், ஓரங்களைச் சரிபார்த்து, க்ளிப் போட்டாள். அவளைச் சுற்றி இருந்த அந்த அமைதி எவ்வளவு பெரியது, அதற்குள் எவ்வளவு நிதானமாக வேலை செய்கிறாள். திடீரென்று தொட்டால் பயந்துவிடுவாள் என்று தோன்றியது. கொடியைச் சுற்றிக்கொண்டு, ஈரப் புடவைக்கு அந்தப் பக்கமாகப் போய், அவள் பார்வை தன்மேல் விழுகிற இடத்தில் நின்றார். பார்த்தாள். இந்த நேரத்தில் இவர் ஏன் என்ற யோசனை முகத்தில் ஓடியது, உடனே கண் இறங்கி அவர் வாயில் வந்து நின்றது, நின்று காத்திருந்தது. இவ்வளவு நாளும் இந்தப் பார்வைக்கு எதிரே உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறார். அவர் மீசையை விரலால் ஒதுக்கிக்கொண்டார். "காலைல நீ கேட்டது எனக்குக் கேக்கல," என்றார். அவள் முகம் மாறியது. கையிலிருந்த க்ளிப்பை விட்டுவிட்டாள். ஒரு அடி கிட்டே வந்தாள்.

"உங்களுக்குமா?"

இல்லை என்று சொல்லத்தான் வேண்டும், அவருடைய காது நன்றாகத்தான் இருக்கிறது, இப்போதுகூடப் பக்கத்து வீட்டில் குழாய் சொட்டுவது கேட்கிறது. "ஆமா," என்றார். அவள் கண் கலங்கியது, துடைத்துக்கொள்ளவில்லை, துடைத்தால் பார்க்க முடியாது. அப்புறம், தன் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்று தெரியாதவளாக, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். "தாராவரத்துல அக்கா வீட்ல போயி இருந்துக்கட்டுங்களான்னு கேட்டேன். நீங்க வாயே தெறக்கல. பதில் வராம எப்படிப் போறதுன்னு நின்னுட்டேன்." அவர் அதைக் கேட்டார். முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரைக்கும், நடுவில் எதுவும் தவறாமல் கேட்டார். போகட்டுமா என்று கேட்டவளுக்கு, பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, அவர் ம் என்று சொல்லியிருக்கிறார். போ என்றிருக்கிறார். அது மட்டும் அவள் காதில் விழுந்திருந்தால் இந்நேரம் இந்தக் கொடியில் துணி இருந்திருக்காது. குரலுக்கு இப்போது வேலை இல்லை. வெயில் தன் முகத்தில் விழுகிற மாதிரி கொஞ்சம் நகர்ந்து நின்றுகொண்டார். உதட்டை ஒவ்வொரு எழுத்துக்கும் அதனதன் வடிவம் கொடுத்து, மெதுவாக, குரலே இல்லாமல், எங்கயும் போக வேண்டாம், எங்கூடவே இரு என்றார். அவள் புருவத்தைச் சுருக்கி அதைக் கடைசி வரைக்கும் பார்த்தாள். முடிந்தபிறகும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொருக்காச் சொல்லுங்க," என்றாள்.